சைக்கிள் மணியின் நியாயம்

மயிலாப்பூரில் குடியிருப்பவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு அடையாற்றைத் தாண்டி ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டுமென்றால் அதற்கு முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. மூன்றிலும் நான் பல வருஷங்களாகப் போய் வருகிறேன். விடியற்காலை ஐந்தரை மணிக்குப் புறப்பட்டால் வீட்டில் இரண்டாவது காபி கலப்பதற்குள் திரும்பிவிடலாம்.

முதல் வழி சின்ன வட்டம். கபாலீசுவரர் கோவில் குளத்தங்கரையிலிருந்து ராமகிருஷ்ண மடம் சாலையில் இறங்கி, மந்தைவெளியைக் கடந்து, துர்காபாய் தேஷ்முக் சாலை வழியாகத் திரு.வி.க. பாலத்துக்கு வருவது. ஆற்றைத் தாண்டியதும் அடையாறு முனையில் வலப்பக்கம் திரும்பினால் சர்தார் படேல் சாலை. மத்திய கைலாசத்தைத் தாண்டிச் சிறிது தூரம் சென்று காந்தி மண்டபம் சாலையில் திரும்பி, அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் முன்னால் போய், கோட்டூர்புரம் பாலத்தில் ஆற்றை இரண்டாம் தடவை கடக்க வேண்டும். அப்புறம் நந்தனம், வெங்கடநாராயணா சாலை, பனகல் பூங்கா, பாண்டி பஜார், தேனாம்பேட்டை, ஆழ்வார்பேட்டை, லஸ். மொத்தம் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் இருக்கும்.

இரண்டாவது வழி அதையே கொஞ்சம் பெரிதாக்குவது. காந்தி மண்டபத்தோடு திரும்பாமல் நேரே கிண்டிக்குப் போய், சைதாப்பேட்டையில் மறைமலை அடிகள் பாலத்தின் மேல் ஆற்றைக் கடந்து அண்ணா சாலையைப் பிடிப்பது. மூன்றாவது, வட்டமே அன்று. திரு.வி.க. பாலம் இறங்கியவுடன் இடப்பக்கம் பெசன்ட் அவென்யூவில் புகுந்து, தியாசபிகல் சொசைட்டியின் மதிலோரமாகவே எலியட்ஸ் கடற்கரைக்குப் போய், திருவான்மியூரில் கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தொட்டு, கால் சொல்கிற இடம் வரை போய்விட்டுப் போன வழியே திரும்பி வருவது. மகாபலிபுரம் வரை மிதித்துப் போய்க் காலை இட்டிலியை அங்கே சாப்பிடுகிற வாலிபர்கள் இருக்கிறார்கள். என் முழங்காலுக்கு அந்த ஆசை கிடையாது.

ஒரு விசித்திரம். ஆற்றங்கரை ஊர் என்று பெயர். ஆனால் இந்த மூன்று வழிகளிலும் ஆற்றைப் பார்ப்பது பாலத்தின் மேல் போகும் அந்த இரண்டொரு நிமிஷம்தான். மற்ற இடங்களிலெல்லாம் மதில், மரம், கட்டிடம். 42 கிலோமீட்டர் ஓடிவந்து கடலில் சேருகிற ஆறு நம் முதுகுக்குப் பின்னாலேயே ஒளிந்து ஒளிந்து வருகிறது. அது இருப்பதை 2015 டிசம்பரில்தான் பலர் முழுசாகத் தெரிந்துகொண்டார்கள்.

வழிகளைப் பற்றி இவ்வளவு சொன்னது போதும். நான் சொல்ல வந்தது, அந்த வழிகளில் ஒன்றில் நான் கண்ட ஒரு காரியத்தையும், அதிலிருந்து என்னை விடாமல் அரித்துக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியையும் பற்றி.

மாட வீதிகளுக்குச் சற்றுத் தள்ளி ஒரு தெரு. பொழுது நன்றாகப் புலரவில்லை. எழுபது வயதைத் தாண்டிய பாட்டி ஒருத்தி, கையில் பூக்கூடையோடு தெருவின் குறுக்கே போய்க்கொண்டிருந்தாள். எனக்கு முன்னால் ஐம்பது அடி தூரத்தில் ஒரு பையன் சைக்கிளில் போனான். பையன் என்றால் இருபத்தைந்து வயது இருக்கும். தலையில் கவசம், கண்ணாடி, உடம்போடு ஒட்டிய சட்டை. நல்ல வேகம். பாட்டியைப் பார்த்ததும் மணி அடித்தான். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. பாட்டி திடுக்கிட்டாள். முன்னால் போவதா, பின்னால் வருவதா என்று ஒரு கணம் தயங்கிப் பின்னால் வந்தாள். தெருவோரத்தில் கிடந்த கருங்கல் ஒன்று காலில் இடறிற்று, விழுந்தாள். பையனுடைய சைக்கிள் அவள் மேல் படவே இல்லை. இரண்டு முழம் தள்ளித்தான் போனான்.

பையன் கெட்டவன் அல்ல. நூறு அடி போனவன் கூடை விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பி ஓடி வந்தான். முகம் வெளுத்துவிட்டது. டீக்கடைக்காரரும் நானும் பாட்டியைத் தூக்கி உட்காரவைக்கப் பார்த்தோம். இடுப்பில் கை வைக்க முடியவில்லை, அலறினாள். பையன் என்னைப் பார்த்து, "பெல் அடிச்சேனே சார்" என்றான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான். அவன்தான் ஆட்டோ பிடித்தான். அவன்தான் ஆஸ்பத்திரிக்குக் கூடப் போனான். அவன் கையிலிருந்த பணத்தையெல்லாம் கட்டினான் என்று டீக்கடைக்காரர் பிற்பாடு சொன்னார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது.

ஆனால் என்னைத் தூக்கிவாரிப் போட்டது அதுவல்ல. ஆட்டோவில் ஏற்றும்போது பாட்டி சொன்னாள்: "அந்தப் புள்ள மேல தப்பு இல்லப்பா. மணி அடிச்சிச்சு. நாந்தான் பதறிட்டேன்."

இடித்தவன் என்று சொல்ல முடியாதவனும் மணியைச் சாட்சிக்கு அழைத்தான். விழுந்தவளும் அதே மணியைத்தான் சாட்சிக்கு அழைத்தாள். இருவர் தீர்ப்பும் ஒன்றாகவே இருந்தது. மணி அடித்தாகிவிட்டது, ஆகவே குற்றம் இல்லை. சட்டத்தைக் கேட்டாலும் அநேகமாக அப்படித்தான் சொல்லும். எனக்கு மட்டும் மனம் சமாதானப்படவில்லை. ஒருவரும் தப்பே செய்யாமல் ஒரு கிழவியின் இடுப்பு எப்படி முறியும்?

சாலையில் சைக்கிள்காரனுடைய நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். திரு.வி.க. பாலத்தின் மேல் ஏறுகிறான். கடல் காற்று இடப்பக்கத்திலிருந்து முகத்தில் அடிக்கிறது. பின்னாலிருந்து பஸ் வருகிறது. அதன் வெப்பம் முதுகில் படுகிறது. ஹாரன் காதைத் துளைக்கிறது. அது கடந்து போகும்போது காற்று அவனை முதலில் வெளியே தள்ளி, பிறகு உள்ளே இழுக்கிறது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, 'ஈசுவரா' என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்கிறான். அந்தக் கணத்தில் அவனைப்போலப் பரம ஏழை உலகத்தில் இல்லை. பஸ்காரன் கொஞ்சம் மனம் வைத்தால் என்ன, வேகத்தைக் குறைத்தால் என்ன, நானும் மனுஷன்தானே என்று அவனுக்குத் தோன்றுகிறது. நியாயமான எண்ணம்.

அதே மனுஷன் பாலத்தை விட்டு இறங்கி ஒரு சந்துக்குள் திரும்புகிறான். அங்கே பஸ் இல்லை. நடந்து போகிறவர்கள்தான் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகும் குழந்தை, கீரைக்காரி, நடைப்பயிற்சிக்கு வந்த ஓய்வூதியக்காரர். இப்போது இவன்தான் பஸ். இவன் கையில்தான் மணி.

நடுத்தர வகுப்பைப் பற்றி எத்தனையோ நாவல்கள் எழுதியாகிவிட்டது. நானும் என் பங்குக்கு எழுதியிருக்கிறேன். மேலே இருப்பவனைப் பார்த்து அஞ்சுவது, கீழே இருப்பவனைப் பார்த்து அதட்டுவது, இரண்டும் ஒரே மனிதனுடைய ஒரே நாளில் நடப்பது. அந்த வகுப்பைப் படம் வரைந்து காட்டச் சொன்னால் ஒரு சைக்கிள்காரனை வரைந்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இங்கே வழக்கமாக ஒரு நம்பிக்கை உண்டு. பயப்பட்டவனுக்குத்தான் பயத்தின் அருமை தெரியும். பட்டவன் பிறரைப் படுத்தமாட்டான் என்பது. கேட்க நன்றாயிருக்கிறது. நம் வீடுகளை ஒரு தடவை எண்ணிப் பார்த்தால் போதும், இந்த நம்பிக்கையின் சாயம் வெளுத்துவிடும். மாமியாரிடம் பட்ட பாட்டையெல்லாம் நினைவில் வைத்திருக்கும் மருமகள், தனக்கு மருமகள் வந்ததும் என்ன செய்கிறாள்? சில பேர் மிக நல்லவர்களாகிவிடுகிறார்கள், உண்மைதான். மற்றவர்கள்? "நான் படாததையா நீ பட்டுவிட்டாய்?" என்கிறார்கள். பட்ட துன்பம் சிலரிடம் இரக்கமாகப் பழுக்கிறது. சிலரிடம் உரிமையாகக் கெட்டிப்படுகிறது. துன்பத்துக்குத் தானாக யாரையும் நல்லவனாக்கும் சக்தி இல்லை.

பெசன்ட் நகரில் இரவு முழுவதும் காவல் வேலை பார்த்துவிட்டு விடியற்காலையில் சைதாப்பேட்டைக்குத் திரும்பும் ஒருவர் எனக்குப் பழக்கம். பாலத்தருகில் டீ குடிப்பார். அவர் சைக்கிளுக்கு வயது முப்பதுக்கு மேல் இருக்கும். அந்தப் பெரிய கறுப்புச் சைக்கிள்களில் ஒன்று. 1949இல் அம்பத்தூரில் தொழிற்சாலை தொடங்கிய காலத்திலிருந்து நம் ஊர்ப் பால்காரர்களையும் தபால்காரர்களையும் பள்ளிக்கூட வாத்தியார்களையும் சுமந்த வம்சம். அதில் மணி இல்லை. பாட்டி விழுந்ததற்குச் சில வாரங்களுக்குப் பிறகு அதைக் கவனித்து, "மணி எங்கே?" என்று கேட்டேன்.

"கழட்டிட்டேன் சார்" என்றார்.

"ஏன்?"

"பெல் அடிச்சா பஸ்காரனுக்குக் கேக்குமா சார்? லாரிக்காரனுக்குக் கேக்குமா? நடந்து போறவனுக்குத்தான் கேக்கும். அவனைத்தானே நாம வெரட்டறோம்." டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "பெல்லு இருந்தா அடிச்சிட்டு அப்படியே போயிடுவேன். இல்லேன்னா நாந்தானே பாத்துப் போவணும்" என்றார்.

பல வருஷங்களாகச் சைக்கிள் ஓட்டுகிறவன் நான். மணியின் சத்தம் தன்னைவிடப் பலம் குறைந்தவர்களுக்கு மட்டுமே எட்டும் என்பது அதுவரை என் புத்தியில் பட்டதில்லை. பஸ்ஸின் ஹாரன் பஸ்ஸைவிடச் சின்ன வண்டிகள் எல்லாவற்றையும் அதட்டுகிறது. மற்றொரு பஸ்ஸுக்கும் கேட்கிறது. மோட்டார் சைக்கிளின் ஹாரன் காருக்குள்ளும் ஓரளவு போகிறது. சைக்கிள் மணி மட்டும் பாவம், மேலே போகாது. கீழ்நோக்கி மட்டுமே ஒலிக்கும்படி அதன் பிறவி அமைந்துவிட்டது.

அதற்காக, காவல்காரர் செய்ததுதான் சரி என்று நான் சொல்லவில்லை. அவரிடமே இதைச் சொல்லி வாதாடியும் பார்த்தேன். மணி இல்லாத சைக்கிள் சத்தமே இல்லாமல் பின்னால் வந்து தோளோரமாக உரசிக்கொண்டு போனால் வயதானவர்களுக்கு ஈரல்குலை நடுங்கிவிடுகிறது. கண் தெரியாதவர் ஒருவர் தெருவில் நடக்கிறார். அவருக்குச் சைக்கிள் வருவதை யார் சொல்வது? இருட்டில் வளைவு திரும்பும்போது? மணி ஒரு மரியாதை. 'நான் வந்துகொண்டிருக்கிறேன், உங்களுக்குத் தெரியட்டும்' என்று சொல்வது. வீட்டுக்குள் நுழையுமுன் தொண்டையைக் கனைத்துக்கொள்கிற மாதிரி. அதைக் கழற்றி எறிந்துவிட்டால் அந்த மரியாதையும் போய்விடுகிறது. காவல்காரர் சிரித்துவிட்டு, "வாயி இருக்குதே சார்" என்றார். வாஸ்தவம்தான். "அம்மா, கொஞ்சம்" என்று அவர் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன்.

ஆகவே கேள்வி மணி வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. ஒரே ஓசை ஒரு சமயம் அறிவிப்பாக இருக்கிறது; மற்றொரு சமயம் கட்டளையாகிவிடுகிறது. காதால் கேட்டு இரண்டையும் பிரிக்க முடியாது. எப்படிப் பிரிப்பது? எனக்குத் தோன்றும் அடையாளம் ஒன்றே ஒன்று. மணி அடித்தவன் அடித்தபிறகு என்ன செய்கிறான் என்று பார்க்கவேண்டும். மிதிப்பதை நிறுத்திப் பிரேக்கில் விரலை வைத்தானானால் அது அறிவிப்பு. அதே வேகத்தில் வந்தானானால் அது கட்டளை. ஒதுங்குகிற வேலை முழுவதையும் எதிராளியின் தலையில் கட்டிவிட்டான் என்று அர்த்தம். அந்தப் பையன் இரண்டு தடவை மணி அடித்தான். ஒரு தடவைகூட வேகத்தைக் குறைக்கவில்லை. மணி அடித்ததாலேயே குறைக்கவில்லை என்பதுதான் இதில் விபரீதம்.

வேகம் என்பதும் லேசான விஷயம் அல்ல. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் அதை 30 ஆக்கினால், மோதும்போது இறங்கும் சக்தி இரண்டு மடங்கு ஆவதில்லை; நான்கு மடங்கு ஆகிறது. பள்ளிக்கூடத்தில் படித்த பௌதிகம்தான். ஆனால் வேகமாகப் போகிறவனுடைய இன்பமும் அப்படியே பெருகுகிறது என்பதால் அந்தக் கணக்கு அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வருவதில்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை ஒதுக்கிவிட்டுப் போவது நேர்மை ஆகாது. சைக்கிள் பெட்ரோலில் ஓடவில்லை; உடம்பில் ஓடுகிறது. கார்க்காரனுக்குப் பிரேக் போட்டு மறுபடி வேகம் எடுப்பது பாதத்தின் ஓர் அசைவு. சைக்கிள்காரனுக்கு அது மூச்சு. நின்ற சைக்கிளை மறுபடி உருட்டுவதற்கு வேண்டிய பலம், ஓடுகிற சைக்கிளை ஓடவைக்க வேண்டியதைப்போல் எத்தனையோ பங்கு. பின்னால் இரண்டு தண்ணீர் கேன்களோ, காஸ் சிலிண்டரோ, முட்டை அடுக்கோ கட்டிக்கொண்டு போகிறவரைக் கேளுங்கள். தி. நகர்ச் சந்துகளில் பத்து தடவை நின்று கிளம்பினால் அவருடைய தொடை நரம்பு சொல்லும். அவரிடம் போய், "ஐயா, நீங்கள் மணி அடித்தபிறகு வேகத்தைக் குறைக்கிறீர்களா?" என்று தர்மம் பேச எனக்கு நாக்கு எழாது.

இதில் நான் இரண்டு தராசு வைத்திருக்கிறேன் என்று வாசகர்கள் சொல்லலாம். வைத்திருக்கிறேன், மறைக்கவில்லை. விடியற்காலையில் இதே சாலைகளில் இரண்டு ஜாதிச் சைக்கிள்கள் ஓடுகின்றன. ஒன்று, பிழைப்புக்குப் போவது: பேப்பர் போடும் பையன், காவல்காரர், ஓட்டல் சிப்பந்தி, மீன்காரர். மற்றொன்று, உடம்புக்காகவும் உல்லாசத்துக்காகவும் போவது: நான், அந்தப் பையன், மகாபலிபுரத்து வாலிபர்கள். முன்னவருக்கு வழி என்பது வேறு யாரோ தீர்மானித்தது; வேலை எங்கே, வீடு எங்கே, அவ்வளவுதான். பின்னவர்களாகிய நாங்கள் மூன்று வழிகளில் எது அழகு என்று பொறுக்கி எடுக்கிறோம். நேரம் எங்களுடையது, வேகம் எங்களுடையது, வியர்வைகூட நாங்கள் வேண்டி விரும்பி வரவழைத்துக்கொண்டது. நின்று கிளம்புவது சிரமம் என்று சொல்ல எங்களுக்கு வாயில்லை, சிரமத்துக்காகத்தானே புறப்பட்டோம்! தன் இஷ்டத்துக்கு வேகமாகப் போகிறவன், தன் இஷ்டமில்லாமல் மெதுவாக நடக்கிறவளை ஒதுங்கச் சொல்வதற்கு என்ன அதிகாரம் என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

மனத்தை மட்டும் திருத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுகிற கட்சியும் நான் அல்ல. சாலையை யார் யாருக்காகப் போடுகிறார்கள் என்பதிலேயே பாதி நியாயம் தீர்மானமாகிவிடுகிறது. அடையாற்றின் மேலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது.

சைதாப்பேட்டையில் இப்போதைய பாலம் இருக்கும் இடத்தில் 1726இல் முதன்முதலாகப் பாலம் கட்டியவர் அரசாங்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வியாபாரி. சொந்தப் பணத்தில் கட்டினார். கட்டியதோடு நிற்காமல், பிற்காலத்தில் அதைப் பழுதுபார்ப்பதற்கென்றும் தனியாகப் பணம் வைத்தார். பரங்கிமலைக்குப் படிக்கட்டு கட்டியவரும் அவரே. அந்தக் காலத்தில் ஆற்றைக் கடக்கிறவர்களில் பெரும்பாலோர் யார்? நடக்கிறவர்கள். கோவேறு கழுதைக்கும் பல்லக்குக்கும் வழியுள்ள பணக்காரர் ஒருவர் கால்நடைக்காரர்களை நினைத்துச் செய்த காரியம் அது. பாலத்துக்கு இன்று வேறு உருவம், வேறு பெயர். மேலே போகிறவர்களும் மாறிவிட்டார்கள். இன்று அதன் மேல் நடந்து போகிறவன் அபூர்வப் பிராணி.

மற்றொரு பாலத்தின் கதை இதற்கு நேர் எதிர். திரு.வி.க. பாலத்தின் மேல் நின்று கிழக்கே முகத்துவாரத்தைப் பார்த்தால் தொலைவில் ஒரு பாலம் பாதியில் முறிந்து நிற்பது தெரியும். 'உடைந்த பாலம்' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. 1967இல், சாந்தோம் பக்கத்து மீனவர்கள் அக்கரைக்குப் போக வசதியாக இருக்கட்டும் என்று கட்டினார்கள். குறுகலான பாலம், நடக்கிறவனுக்கும் சைக்கிளுக்கும் போதும். 1977இல் ஆற்று வெள்ளம் அதன் ஒரு பகுதியைக் கொண்டுபோயிற்று. இதற்குள், 1973இலேயே, பழைய எல்பின்ஸ்டன் பாலத்தின் பக்கத்தில் திரு.வி.க. பாலம் அகலமாக வந்து மோட்டார்களுக்கு வழி கிடைத்துவிட்டது. அதற்கப்புறம் அந்த உடைந்த துண்டை ஒட்டவைக்க ஒருவருக்கும் அவசரம் ஏற்படவில்லை. படம் எடுக்கிறவர்கள் போகிறார்கள், காதலர்கள் போகிறார்கள். அந்தக் குப்பத்திலிருந்து இந்தக் குப்பத்துக்குப் போகவேண்டியவன் மட்டும் சுற்றிக்கொண்டு போகிறான். எந்தப் பாலம் உடைந்தால் ஊர் பொறுத்துக்கொள்ளும், எதற்குப் பொறுக்காது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எழுதிவைக்க முடியாது.

காகிதத்தில் நாம் பின்தங்கியவர்கள் அல்ல. 2014இல் சென்னை மாநகராட்சி, மோட்டார் இல்லாத போக்குவரத்துக்கென்று ஒரு கொள்கையே வகுத்து, போக்குவரத்துக்கான செலவில் 60 சதவீதத்துக்குக் குறையாமல் நடக்கிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்று அறிவித்தது. 2019இல் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கிப் பெஞ்சியெல்லாம் போட்டார்கள். அங்கே காலை வேளையில் கிழவர்கள் உட்கார்ந்து பேப்பர் படிப்பதைப் பார்க்க எனக்கு மிகவும் பிடிக்கும். அந்தத் தெருவில் இதற்கு முன் உட்கார்வதற்கு நகைக்கடைப் படிதான் உண்டு. ஆனால் ஒரு தெருவை வைத்துக்கொண்டு ஊரைப் பற்றிப் பேச முடியாது.

ஹாலந்து தேசத்தைப் பற்றிச் சைக்கிள் பிரியர்கள் சொர்க்கத்தைப்போலப் பேசுவார்கள். அங்கே ஜனங்கள் பிறவியிலேயே பொறுமைசாலிகள் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அப்படியல்ல. 1971ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் அந்தச் சின்ன நாட்டின் சாலைகளில் 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் மோட்டார்களால் மாண்டார்கள். மகளைப் பறிகொடுத்த ஒரு பத்திரிகையாளர் எழுதினார். தாய்மார்கள் தெருவை மறித்தார்கள். 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்றே இயக்கத்துக்குப் பெயர் வைத்தார்கள். அதன் பிறகுதான் சைக்கிளுக்கென்று பாதைகள் அங்கே பரவலாக எழுந்தன. சட்டத்திலும் ஒரு விசேஷம்: நடக்கிறவர் மேலோ சைக்கிள் மேலோ மோட்டார் மோதினால், நஷ்டத்துக்குப் பொறுப்பு பெரும்பாலும் மோட்டார்க்காரனையே சேரும். ஹாரன் அடித்தேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கனம் அதிகமுள்ளவன் கவலையும் அதிகமாகப் படவேண்டும் என்கிற எண்ணம் அதில் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டமும் மோட்டாரோடு நின்றுவிடுகிறது. சைக்கிளுக்கும் பாட்டிக்கும் இடையே அது வருவதில்லை. அங்கே இறங்கிவிட்டால் மறுபடி நம் மனச்சாட்சிதான்.

நம் தமிழ்நாட்டிலேயே சைக்கிள் ஒரு பெரிய காரியம் செய்திருக்கிறது. 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். வயல் வேலை செய்யும் பெண்கள், கல் உடைக்கும் பெண்கள், அங்கன்வாடிப் பெண்கள் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் நகரத்துக்குள் ஊர்வலமாக ஓட்டி வந்தார்கள். பெண்கள் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். பிறகு அதுவே பிடித்துப்போயிற்றாம் பலருக்கு. ஏனென்றால் அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாம்! அதுவரை எல்லாருக்கும் ஒதுங்கியே பழகியவர்கள் முதல்முதலாகக் கையில் ஒரு மணியோடு தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் அதை ஓங்கி அடித்திருந்தாலும் நான் குறைசொல்லமாட்டேன். நெடுங்காலம் கேட்காமலிருந்த ஓசை அது. பாட்டி விழுந்த தெருவில் கேட்ட மணியும் புதுக்கோட்டையில் கேட்ட மணியும் ஒன்றா என்றால், இல்லை என்றுதான் சொல்லுவேன். அடிக்கிறவர் யார், கேட்கிறவர் யார் என்று பார்க்காமல் மணிக்கு நியாயம் சொல்ல முடியாது. அதனால்தான் இதற்கு ஒரு விதி எழுதிப் பலகையில் மாட்டிவிட்டுப் போக முடியவில்லை.

பாட்டியை அப்புறம் பார்த்தேன். கோல் ஊன்றிக்கொண்டு நடக்கிறாள். பூ விற்பதை மருமகளிடம் விட்டுவிட்டாள். பையன் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனானாம். "நல்ல புள்ள" என்றாள். தெருவைக் கடக்கவேண்டியிருந்தால் இப்போது யாராவது வரும் வரையில் ஓரமாகவே நிற்கிறாள். மணிச் சத்தம் கேட்டால், எவ்வளவு தூரத்தில் கேட்டாலும், சுவரோடு ஒட்டிக்கொண்டுவிடுகிறாள். அவள் சொன்ன தீர்ப்பை அவள் மாற்றிக்கொள்ளவில்லை. அதன்படியே நடந்து வருகிறாள்.

பங்குனி உற்சவத்தில் மட்டும் அவள் பயமில்லாமல் தெரு நடுவில் நிற்பதைப் பார்க்கலாம். அறுபத்து மூவர் அன்று மாட வீதிகளில் பஸ்ஸும் கிடையாது, காரும் கிடையாது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகக்கூட இடம் இராது. அதற்கு முந்தின நாள் தேர். யோசித்துப் பார்த்தால், மயிலாப்பூர்த் தெருக்களில் ஓடுகிற வாகனங்களிலெல்லாம் மிகவும் கனமானது அதுதான். அதற்குப் பிரேக் இல்லை, ஹாரன் இல்லை. ஆனால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் முட்டுக்கட்டையோடு ஆட்கள் இருக்கிறார்கள். வடம் இழுக்கிறவர்கள் ஆயிரம் பேர் கோஷம் போடுகிறார்கள். ஜன்னல்களிலும் மாடிகளிலும் நிற்கிறவர்கள் எல்லாரும் கையைத் தலைக்கு மேல் குவித்து அண்ணாந்து சுவாமியைப் பார்க்கிறார்கள். கட்டை போடுகிறவர் அண்ணாந்து பார்ப்பதில்லை. குனிந்தபடி, சக்கரத்தையும் அதற்கு முன்னால் இருக்கும் கால்களையும் பார்த்துக்கொண்டே தேரோடு கூட நடக்கிறார். தேர் நிலைக்கு வந்தபிறகுதான் நிமிர்ந்து, தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கும்பிடு போடுகிறார்.